ஒரு காருக்குள் 11,000 குதிரைகள்... டிராக் ரேஸ் கார்கள் கண் சிமிட்டும் நேரத்தில் பறப்பது எப்படி?

புதுக்கோட்டை மாவட்டத்தில் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி பக்கம் கோயில் திருவிழா என்றாலே எல்கைப் பந்தயம் களைகட்டும். பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு, அப்புறம் குதிரை வண்டி என்று பிரிவு பிரிவாக வண்டிகள் சீறிப் பாயும். போக வர 8 மைல், 6 மைல் என்று தூரம் வைப்பார்கள். ரோட்டின் ரெண்டு பக்கமும் கூட்டம் நிற்கும்.

குதிரை ஓடுவதைப் பார்த்தே பழகிய ஊர்க்காரர்களிடம், "ஒரே காருக்குள் 11,000 குதிரையைக் கட்டியிருக்காங்க" என்று சொன்னால் நம்புவார்களா? ஆனால் அது உண்மைதான். அமெரிக்காவில் ஓடும் 'டாப் ஃபியூயல்' டிராக் ரேஸ் கார்களின் சக்தி அவ்வளவு. அது எப்படி சாத்தியம்? அதே ஆசையில் நம்ம ஊர் ஈ.சி.ஆரில் பைக்கை முறுக்கினால் என்ன ஆகும்? பார்க்கலாம்.

டிராக் ரேஸ் என்றால் என்ன?

வளைவு கிடையாது, சுற்று கிடையாது. நேர்கோட்டுப் பாதையில் ரெண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பச்சை விளக்கு எரிந்ததும் கிளம்ப வேண்டும். எல்லைக்கோட்டை முதலில் தொடுபவர் வெற்றியாளர். டாப் ஃபியூயல் கார்களுக்கு மொத்த தூரமே 1,000 அடி, அதாவது சுமார் 305 மீட்டர்.

எல்கைப் பந்தயத்தில் 8 மைல் தூரத்துக்கு மூச்சும் தெம்பும் தாங்க வேண்டும். டிராக் ரேஸில் ஆட்டம் நாலு விநாடிக்குள் முடிந்துவிடும். 2019-ல் பிரிட்டனி ஃபோர்ஸ் என்ற அமெரிக்க வீராங்கனை இந்த 305 மீட்டரை 3.623 விநாடியில் கடந்தார். நின்ற இடத்திலிருந்து 160 கி.மீ. வேகத்தை எட்ட இந்தக் கார்களுக்கு ஒரு விநாடிகூட ஆகாது. முடிவுக்கோட்டைத் தாண்டும்போது வேகம் மணிக்கு 530 கி.மீ.க்கு மேல். புதுக்கோட்டையிலிருந்து சுமார் 55 கி.மீ. தூரத்தில் இருக்கும் திருச்சிக்கு அந்த வேகத்தில் போனால் ஆறேகால் நிமிடம்தான்!

11,000 குதிரைத்திறன்... எவ்வளவு பெரிசு?

நாம் ஓட்டும் 100 சிசி பைக்குக்கு சுமார் 8 குதிரைத்திறன். சாதாரண குடும்பக் காருக்கு 80, 90 இருக்கும். நீளமான எக்ஸ்பிரஸ் ரயிலையே இழுத்துக்கொண்டு ஓடும் டபிள்யூ.ஏ.பி-7 மின்சார என்ஜினுக்கு 6,000-க்கு மேல். அப்படிப்பட்ட ரெண்டு ரயில் என்ஜின்களின் சக்திக்குக் கிட்டத்தட்ட சமமானது, ஒரே ஒரு ஆள் உட்காரும் இந்தக் காரின் சக்தி. இத்தனைக்கும் அந்த என்ஜினின் கொள்ளளவு சுமார் 8.2 லிட்டர்தான்.

இந்த சக்தி எங்கிருந்து வருகிறது?

ரகசியம் ரெண்டு: எரிபொருள், காற்று.

முதலில் எரிபொருள். இந்தக் கார்களில் ஊற்றுவது பெட்ரோல் இல்லை. சுமார் 90 சதவீதம் நைட்ரோமீத்தேன், மீதி மெத்தனால். ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். நைட்ரோமீத்தேனுக்கு 1.7 கிலோ காற்று போதும். காரணம், அதன் மூலக்கூறுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருக்கிறது. கட்டுச்சோற்றைக் கையோடு கொண்டு வருகிற மாதிரி.

கிலோவுக்குக் கிலோ பார்த்தால் நைட்ரோமீத்தேனில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலில் கால்வாசிதான். ஆனால் அதே அளவு காற்றில் எட்டு மடங்குக்கு மேல் எரிபொருளை எரிக்க முடிகிறது. கணக்குப் போட்டால் பெட்ரோலைவிட ரெண்டு மடங்குக்கு மேல் ஆற்றல் கிடைக்கும்.

அடுத்து காற்று. விறகு அடுப்பில் ஊதுகுழல் வைத்து ஊதினால் தீ குப்பென்று பிடிக்கும் இல்லையா? அதே வேலையை என்ஜின் மேல் இருக்கும் சூப்பர்சார்ஜர் செய்கிறது. காற்றை அழுத்தி உள்ளே திணிக்கிறது. அந்த சூப்பர்சார்ஜரைச் சுற்றவே பல நூறு குதிரைத்திறன் செலவாகிறது.

விளைவு? டயரைச் சூடாக்கும் ஓட்டத்தையும் சேர்த்து ஒரு தடவைக்கு சுமார் 50 லிட்டர் எரிபொருள் காலி. ஓட்டம் முடிந்ததும் என்ஜினை முழுசாகப் பிரித்து, தேய்ந்த பாகங்களை மாற்றி, மறுபடி பூட்டினால்தான் அடுத்த ஓட்டம்.

சக்தி இருந்தால் மட்டும் போதுமா?

போதாது. இவ்வளவு சக்தியும் ரோட்டில் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். அதனால்தான் பின் டயர்கள் அவ்வளவு அகலம். காற்று மட்டும் ரொம்பக் குறைவு. நம்ம கார் டயரில் 30-க்கு மேல் வைக்கும் இடத்தில் இதில் சுமார் 7 தான். கிளம்பும்போது டயர் கசங்கித் தரையைக் கவ்விக்கொள்ளும். பாதையிலும் பசை போன்ற திரவத்தைத் தெளித்து வைப்பார்கள். கிளம்புவதற்கு முன் டயரைப் புகையப் புகைய சுற்றுவதும் சூடாக்கிப் பிடிமானம் கூட்டத்தான். சினிமாவில் வருகிற மாதிரி வெறும் கெத்துக்காக இல்லை.

ஓட்டுபவரின் உடம்பை அவருடைய எடையைப் போல நாலு மடங்குக்கு மேலான விசை சீட்டோடு சேர்த்து அழுத்தும். 60 கிலோ ஆள் என்றால், நெஞ்சு மேல் 240 கிலோவை ஏற்றிய மாதிரி.

கிளம்பியாச்சு... நிறுத்துவது எப்படி?

உண்மையான கஷ்டமே இங்கேதான். 530 கி.மீ. வேகத்தில் பிரேக்கை மட்டும் நம்ப முடியாது. காருக்குப் பின்னால் பாராசூட்டுகள் விரியும். அதுவும் தவறினால் பாதையின் கடைசியில் மணல் பரப்பு, வலை எல்லாம் இருக்கும்.

இத்தனை இருந்தும் விபத்து நடந்திருக்கிறது. 2008 ஜூனில் நியூஜெர்சியில் ஸ்காட் கலிட்டா என்ற அனுபவசாலி வீரரின் காரில் என்ஜின் வெடித்தது. பாராசூட்டுகள் கைகொடுக்கவில்லை. கார் பாதையின் முடிவைத் தாண்டிப் போய், அவர் உயிரிழந்தார். அதற்குப் பிறகுதான் 402 மீட்டராக இருந்த பந்தய தூரத்தை 305 மீட்டராகக் குறைத்தார்கள். வண்டி நிற்பதற்குக் கூடுதல் இடம் வேண்டும் என்பதுதான் காரணம்.

நம்ம ஊர் ரோட்டில் முறுக்கினால்?

60 கி.மீ. வேகத்தில் போகும் பைக், ஆபத்தைக் கண்டு சுதாரிக்கும் ஒரு விநாடியையும் சேர்த்து நிற்க, காய்ந்த ரோட்டில் சுமார் 36 மீட்டர் வேண்டும். 120 கி.மீ. என்றால்? ரெண்டு மடங்கு இல்லை, மூணு மடங்கு: சுமார் 113 மீட்டர். வேகம் இரட்டிப்பானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நாலு மடங்காவதுதான் காரணம்.

மீமிசல், கோட்டைப்பட்டினம் வழியாகப் போகும் ஈ.சி.ஆரில் 113 மீட்டருக்குள் என்னவெல்லாம் வரலாம்? குறுக்கே ஓடும் ஆடு, பஸ்ஸிலிருந்து இறங்கும் பள்ளிப் பிள்ளை, விளக்கில்லாத டிராக்டர். அங்கே மணல் பரப்பும் இல்லை, வலையும் இல்லை, பாராசூட்டும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் பொது இடத்தில் வாகனப் பந்தயம் நடத்துவது, கலந்துகொள்வது ரெண்டுமே குற்றம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 189-ன்படி முதல் முறை 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். மறுபடி சிக்கினால் ஓராண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம்.

18 வயதுக்குட்பட்ட பையன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்து சிக்கினால் விஷயம் வீட்டுக்கே வரும். பிரிவு 199ஏ-யின்படி பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. அந்தப் பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸும் கிடைக்காது.

ஆசை இருந்தால் வழி இல்லையா?

இருக்கு. சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயப் பாதை இருக்கிறது. தேசிய மோட்டார் சைக்கிள் டிராக் ரேஸ் போட்டிகளே அங்கு நடந்திருக்கின்றன. ஹெல்மெட், பாதுகாப்பு உடை, ஆம்புலன்ஸ் எல்லாம் தயாராக இருக்கும்; எதிரே வண்டி வராது.

எல்கைப் பந்தயத்தில்கூட போலீஸ் பாதுகாப்பு போட்டு, ரோட்டில் போக்குவரத்தை நிறுத்தி வைத்த பிறகுதான் சாரதி வண்டியைக் கிளப்புகிறார். எட்டு மைல் ஓடும் மாட்டு வண்டிக்கே அவ்வளவு ஏற்பாடு என்றால், ராத்திரி ரோட்டில் 120-ல் பறக்கும் பைக்குக்கு?