காற்றில் போகாத கடவுச்சொல்

வீட்டுக்குள் வலை – 14

ரூட்டரை எங்கே வைப்பது என்பதைப் போன வாரமே முடித்துவிட்டோம். தரையில் வேண்டாம், இரும்பு பீரோவுக்குப் பின்னால் வேண்டவே வேண்டாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், 5 கிகாஹெர்ட்ஸ் வேகமாகப் போகும். இதற்கு மேல் முன்கதை கிடையாது. விட்டவர்கள் பழைய இதழைப் பக்கத்து வீட்டில் வாங்கிப் படித்துக்கொள்ளவும்.

பூட்டிக்கொண்ட டேப்லெட்டைத் திறப்பது எப்படி என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு போன் வந்தது. பேசியவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அமெரிக்காவில் இருக்கும் மகன் அம்மா பாட்டுக் கேட்க ஒரு டேப்லெட் அனுப்பியிருக்கிறார். அடுக்களையில் வைத்து வைஃபை கடவுச்சொல்லைப் போட்டால் “சரிபார்த்து மீண்டும் முயலவும்” என்கிறதாம். எத்தனை தடவை போட்டாலும் அதே பதில்தான். “ஒங்களுக்கு வயசாயிட்டு, மறந்துபோச்சு” என்கிறார் வீட்டம்மா. “முப்பது வருசம் பிள்ளைக பேர மறக்காம வருகை எடுத்தவன் தம்பி நான்” என்று அவருக்கு ஒரே ஆற்றாமை.

“ரூட்டர் எங்க இருக்கு சார்?”

“தார்சாவுல.”

விஷயம் அங்கேதான் இருந்தது. நம் பக்கத்துப் பழைய வீடுகள் அகலத்தில் கஞ்சத்தனமும் நீளத்தில் தாராளமும் காட்டுபவை. தார்சா, பட்டாசல், இரண்டாங்கட்டு, அடுக்களை, புறவாசல் என்று போய்க்கொண்டே இருக்கும். நடுவில் நிற்பவை செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்த தடித்த சுவர்கள். அடுக்களைக்கு வந்து சேரும்போது அலை களைத்துப்போயிருக்கும். ஆனாலும் டேப்லெட்டில் ஒன்றிரண்டு பட்டைகள் தெரியும். அந்தப் பட்டையை நம்பித்தான் நாம் ஏமாறுகிறோம். ரூட்டர் சொல்வது டேப்லெட்டுக்குக் கேட்கிறது என்பதற்கு மட்டும்தான் பட்டை சாட்சி. டேப்லெட் சொல்வது ரூட்டருக்குக் கேட்கிறதா என்று அது சொல்லாது. டேப்லெட்டின் குரல் பெரும்பாலும் ரூட்டரின் குரலைவிடச் சன்னமானது.

டேப்லெட்டை எடுத்துக்கொண்டு தார்சாவுக்கு வந்து, அதே கடவுச்சொல்லைப் போடச் சொன்னேன். உடனே இணைந்துவிட்டது. மறந்ததே இல்லை அவர்!

தூரத்தில் இருந்தால் வேகம் குறையலாம், சரி. கடவுச்சொல் எப்படித் தப்பாகும்? இதைத் தோண்டப் போய்த்தான் இந்த வாரம் முழுக்க அதிலேயே விழுந்து கிடந்தேன். நாம் தட்டச்சு செய்யும் கடவுச்சொல் காற்றில் போவதே இல்லை! ஓர் எழுத்துகூடப் போவதில்லை. டேப்லெட் கடவுச்சொல்லை ரூட்டருக்கு அனுப்புகிறது, ரூட்டர் ஒப்பிட்டுப் பார்த்துக் கதவைத் திறக்கிறது என்றுதானே நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்? நடப்பது வேறு.

மேலப்பாளையம் சந்தையில் மாட்டுத் தரகர்கள் துண்டைப் போர்த்திக்கொண்டு அதற்குள் விரல் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். சுற்றி நிற்பவர்களுக்குக் கை குலுங்குவது தெரியும், விலை தெரியாது. வைஃபை இதையும் தாண்டிவிட்டது. தரகராவது விரலால் விலையைச் சொல்லிவிடுகிறார். இங்கே ரகசியம் இரு பக்கமும் ஏற்கெனவே இருக்கிறது. ரூட்டர் குருட்டாம்போக்கில் ஓர் எண்ணை வீசுகிறது, டேப்லெட் பதிலுக்கு வேறோர் எண்ணை வீசுகிறது. இரண்டு எண்களோடும் ரகசியத்தைச் சேர்த்துப் பிசைந்து இருவரும் தனித்தனியே கணக்குப் போடுகிறார்கள். கணக்கின் முத்திரை ஒத்துப்போனால் ‘இவன் நம்ம ஆள்’ என்று முடிவாகிறது. மொத்தம் நான்கு செய்திகள். பொறியாளர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயரும் கைகுலுக்கல்தான். 2004-இல் வந்த டபிள்யூபிஏ2 முறை இது. இன்றும் பெரும்பாலான வீடுகளில் ஓடிக்கொண்டிருப்பது இதுதான்.

இந்த நான்கில் ஒன்று சுவரில் தடுக்கி விழுந்தாலும் கைகுலுக்கல் முடியாது. அது ஏன் முடியவில்லை என்று டேப்லெட்டுக்குத் தெரியாது. கடவுச்சொல் பிசகினாலும் அதே மௌனம், செய்தி தொலைந்தாலும் அதே மௌனம். அது பாட்டுக்குப் பழியை உங்கள் நினைவாற்றல் மேல் போட்டுவிடுகிறது. ஆகவே கடவுச்சொல் தப்பு என்று வந்தால் முதலில் ரூட்டருக்குப் பக்கத்தில் போய் நின்று போட்டுப் பாருங்கள். மற்ற வைத்தியமெல்லாம் அப்புறம்.

பிசையும் கணக்கு என்று சொன்னேனே, அதில் இன்னொரு வேடிக்கை உண்டு. கடவுச்சொல்லோடு உங்கள் வைஃபையின் பெயரையும் சேர்த்து 4,096 முறை அரைத்துத்தான் சாவி எடுக்கிறார்கள். ஊகித்து ஊகித்துப் பார்க்கும் திருடனுக்கு ஒவ்வோர் ஊகத்துக்கும் அத்தனை அரைப்பு வேலை இருக்கட்டும் என்பதற்காக. பெயரையும் சேர்ப்பதால், ஒரே கடவுச்சொல்லை வைத்திருக்கும் இரண்டு வீடுகளின் சாவிகளும் வேறு வேறாக இருக்கும். பெயரை மாற்றினால் சாவியும் மாறிவிடும். பேரன் விளையாட்டாக வைஃபைக்குப் புதுப்பெயர் சூட்டியதும் வீட்டிலுள்ள அத்தனை கருவிகளும் ‘நீ யார்’ என்று கேட்கும்.

இதைத் தலைகீழாக்கினால் உபயோகமான சங்கதி ஒன்று கிடைக்கும். 2023 டிசம்பர் 17, 18 நம் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, தாமிரபரணி கொக்கிரகுளத்து ஆட்சியர் அலுவலகம் வரை ஏறி வந்தது. குறுக்குத்துறை முருகன் கோயிலில் வெள்ளம் வருமுன் உற்சவரை மேலக்கோயிலுக்கு எடுத்துப்போக ஏற்பாடு உண்டு. வீடுகளில் பத்திரமும் நகையும் மச்சுக்குப் போயின. ரூட்டரை யார் நினைப்பார்கள்? தண்ணீர் வடிந்து புது ரூட்டர் வந்த வீடுகளில் ஒவ்வொரு போனுக்கும் டிவிக்கும் டேப்லெட்டுக்கும் புதிதாகக் கடவுச்சொல் போடும் திருவிழா. அதற்குத் தேவையே இல்லை. புது ரூட்டருக்குப் பழைய பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் எழுத்துப் பிசகாமல் வைத்து, பாதுகாப்பு முறையையும் பழையபடியே விட்டால் சாவி அதேதான். கருவிகள் எதுவும் கேட்காமல் சேர்ந்துகொள்ளும்.

உண்மையாகவே மறந்துபோயிருந்தால்? நம் ஊரில் மறதியில் பாதி எழுத்துக்கூட்டல் சிக்கல். தாமிரபரணி என்று வைத்திருப்போம். ஆங்கிலத்தில் தட்டும்போது டி-க்குப் பின் எச் போட்டோமா? நெல்லையப்பருக்கு நடுவில் ஒய் உண்டா? முதல் எழுத்துப் பெரியதா, சின்னதா? 2020 ஜூனில் அரசே 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணை வெளியிட்டு, கூச்சல் கிளம்பியதும் திரும்பப் பெற்றுக்கொண்டது. அரசுக்கே அந்தக் கதி என்றால் நாம் எம்மாத்திரம்! கடவுச்சொல் 8 எழுத்துக்குக் குறையக்கூடாது, 63 வரை போகலாம். வீட்டுக்குள் எல்லாரும் ஒரே மாதிரி எழுதும் நான்கைந்து சொற்களைக் கோத்து நீளமாக வைப்பதே நல்லது. சாமி பெயரோடு 123 சேர்த்து வைப்பவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை. திருடன் முதலில் அரைத்துப் பார்ப்பது அதைத்தான்.

வீட்டில் ஒரே ஒரு போன் இணைந்திருந்தாலும் கடவுச்சொல் தொலையவில்லை என்றுதான் அர்த்தம். ஆண்ட்ராய்டு 10-உம் அதற்குப் பிந்தியவையும் வைஃபை அமைப்பில் ‘பகிர்’ என்றால் கியூஆர் கட்டம் காட்டும். பல போன்களில் அதன் அடியிலேயே கடவுச்சொல்லும் எழுதியிருக்கும். ஐபேடில் 16-ஆம் பதிப்பு முதல் அமைப்புப் பகுதியிலேயே பார்க்கலாம். எதுவுமே இல்லையென்றால் ரூட்டரைக் கவிழ்த்துப் பாருங்கள். யாரும் மாற்றாமல் விட்டிருந்தால் அடியில் ஒட்டிய தாளில் உள்ளதே கடவுச்சொல்.

ரூட்டரின் பின்னால் ஊசி நுழையும் ஓட்டை ஒன்று இருக்கும். தயவுசெய்து அதில் சேஃப்டி பின்னைக் குத்தாதீர்கள். கேபிள்காரரோ லைன்மேனோ ஏற்றிவைத்த இணைப்பின் பயனர்பெயரும் அதோடு அழிந்துபோகக்கூடும். அழிந்தால், இருந்த இணைப்பும் போய் அவர் வரும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

மிச்ச இரண்டு நோய்களையும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டு வைஃபையின் பெயரே தெரியவில்லையா? பழைய டேப்லெட்டாக இருந்தால் அதற்கு 5 கிகாஹெர்ட்ஸ் கண்ணில் படாமல் போகலாம். மகன் அமெரிக்காவிலிருந்து அனுப்பியதென்றால் வேறொரு சந்தேகமும் உண்டு. 2.4-இல் இங்கே 13 சேனல் வரை அனுமதி, அங்கே வழக்கம் 11 வரை. நம் ரூட்டர் 12-லோ 13-லோ உட்கார்ந்திருந்தால் அங்கிருந்து வந்த சில கருவிகளுக்குத் தெரியாது. ரூட்டரை 1, 6, 11 இவற்றில் ஒன்றில் வைக்கச் சொல்லுங்கள். இணைந்தும் இணையம் வரவில்லையென்றால் டேப்லெட்டின் தேதியைப் பாருங்கள். மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடந்தது சில சமயம் 1970 ஜனவரி 1, காலை 5.30-க்குப் போய் நிற்கும். தேதி தப்பானால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழை அது ஏற்காது. தேதியைத் திருத்தினால் தீர்ந்தது.

பூட்டிய டேப்லெட் அடுத்த வாரம்தான். 2015-க்குப் பிறகு வந்த பெரும்பாலான ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகள், முழுக்க அழித்தாலும் பழைய கூகுள் கணக்கைக் கேட்டுத்தான் திறக்கும். ஆகவே இதழை மூடுமுன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் டேப்லெட்டில் யாருடைய மின்னஞ்சல் முகவரி இருக்கிறது என்று பார்த்து, ஒரு தாளில் எழுதி பீரோவுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கிய அன்று விற்பனைப் பையன் தன் முகவரியையே போட்டுக் கொடுத்திருந்தால், அதை இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.