குட்டி யானைக்கு எத்தனை கன அடி?

வீட்டைச் சுற்றித் தோட்டம் போட நினைப்பவர்களுக்குத் தேவைப்படும் பொருள்கள் பெரும்பாலும் கனமானவை. மேடு பள்ளம் நிரப்பச் செம்மண், நடைபாதைக்குப் பேவர் பிளாக், அதன் அடியில் பரப்ப எம்-சாண்ட், ஓரம் கட்டக் கடப்பா கல், செடிகளைச் சுற்றிப் போட ஜல்லி. இவை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வேண்டும் என்பதாலும், நம் தெருக்களில் டிப்பர் லாரி நுழையாது என்பதாலும் ‘குட்டி யானை’ என்று ஊரே அழைக்கும் டாடா ஏஸ் போன்ற சிறு சரக்கு வண்டியைத்தான் கூப்பிடுகிறோம். கூப்பிடும்போது நாம் சொல்லும் அளவில்தான் கோளாறு தொடங்குகிறது. மணலையும் ஜல்லியையும் யூனிட் கணக்கில் வாங்கிப் பழகியிருக்கிறோம். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. அது பொருள் அடைக்கும் இடத்தின் அளவு. வண்டியின் அச்சுக்கும் டயருக்கும் பிரேக்குக்கும் இடம் ஒரு பொருட்டல்ல. அவற்றுக்குத் தெரிந்தது எடை மட்டுமே. சிறு வண்டிகள் மிகைச்சுமையோடு ஓடுவதற்கு ஓட்டுநரின் பேராசையைக் காரணம் சொல்வது எளிது. நாம் கன அடியில் கேட்பதும், பாடி நிரம்பினால்தான் ஒரு லோடு என்று எண்ணுவதும் அதைவிடப் பெரிய காரணம் என்றே நான் கருதுகிறேன்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். 2005இல் டாடா ஏஸ் சந்தைக்கு வந்தபோது அது சுமக்க விதிக்கப்பட்ட எடை 750 கிலோ. இன்றும் அந்த வரிசையில் பல வண்டிகள் அதை ஒட்டியே இருக்கின்றன. பின்பக்கப் பாடி ஏறத்தாழ ஏழேகால் அடி நீளம், ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த அகலம், ஓரடி உயரம். விளிம்பு மட்டத்துக்கு நிரப்பினால் சுமார் 35 கன அடி கொள்ளும். உலர்ந்த எம்-சாண்ட் ஒரு கன அடி 45 முதல் 50 கிலோ வரை இருக்கும். அப்படியானால் மட்டமாக நிரப்பிய பாடியில் ஒன்றரை டன்னுக்கு மேல் இருக்கிறது; அனுமதித்ததைப் போல இரண்டு மடங்கு. கூம்பாகக் குவித்தால் சொல்லவே வேண்டாம். ‘கால் யூனிட்தானே’ என்று நாம் கேட்கும் 25 கன அடியே 1,100 கிலோவைத் தாண்டிவிடுகிறது. வண்டியில் ஓட்டுநரும் ஒரு லோடுமேனும் உட்கார்ந்திருப்பார்கள். மொத்த எடை வரம்பில் அவர்களும் அடக்கம். அதையும் கழித்தால் நியாயமாக ஏற்றக்கூடிய எம்-சாண்ட் 15 கன அடிக்குள் முடிந்துவிடும். அதாவது பாடி பாதிகூட நிரம்பாத நிலையில் வண்டி முழுச் சுமையோடு நிற்கிறது. இதே பாடியை உதிரியான காய்ந்த தென்னை நார்க்கழிவால் வழிய வழிய நிரப்பினாலும் 200 கிலோவைத் தொடாது. கண்ணால் பார்த்துச் சுமையை மதிப்பிட முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

கல்லுக்கு வந்தால் கண் இன்னும் அதிகமாக ஏமாறும். 40 மில்லிமீட்டர் தடிமன் உள்ள கடப்பா கல் ஒரு சதுர அடிக்குச் சுமார் 10 கிலோ. 100 சதுர அடிக் கல்லை அடுக்கினால் பாடியின் தரையில் ஒரு மூலை நிரம்பியதுபோலத் தெரியும். எடையோ ஒரு டன். 60 மில்லிமீட்டர் பேவர் பிளாக் சதுர அடிக்கு 12 கிலோவுக்கு மேல். செங்கல் ஒன்று சுமார் 3 கிலோ என்பதால் 250 கல்லிலேயே 750 கிலோ வந்துவிடும். மணலில் ஈரம் வேறு கணக்கைக் கலைக்கும். லேசாக நனைந்த மணலின் துகள்களைச் சுற்றி நீர்ப்படலம் படிவதால் அவை நெருங்கி உட்காராமல் உப்பி நிற்கும். அதே மணல் கால் பங்குவரை கூடுதல் இடத்தைப் பிடித்துக்கொள்ளக்கூடும். அப்போது கன அடிக்குக் காசு கொடுத்தவருக்கு மணல் குறைவாகக் கிடைக்கிறது. மழையில் முழுக்க ஊறிய மணலோ கன அடிக்கு 55 கிலோவரை போகும். அப்போது நட்டம் வண்டிக்கு. வாங்குபவருக்கும் சுமப்பவருக்கும் ஒருசேரப் பொய் சொல்லும் அளவுகோலை நாம் இன்னும் பிடித்துக்கொண்டிருப்பது வருத்தமளிக்கிறது.

‘வண்டி இழுக்கிறதே, பிறகென்ன?’ என்பது வழக்கமான பதில். இழுப்பது உண்மைதான். முதல் கியரில் மெதுவாகக் கிளம்பினால் சிறிய இன்ஜின்கூட இரண்டு டன்னை நகர்த்திவிடும். ஆனால் வரம்பை நிர்ணயிப்பது இழுக்கும் திறன் மட்டுமல்ல, நிறுத்தும் திறனும்தான். ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் முழுவதும் பிரேக்கில் வெப்பமாக மாறியாக வேண்டும். சுமையோடு சேர்த்து ஒன்றரை டன்னை ஒட்டி இருக்க வேண்டிய வண்டி 2.4 டன்னாக ஓடினால், அதே வேகத்தில் நிறுத்த ஒன்றரை மடங்கு வெப்பத்தைப் பிரேக் தாங்க வேண்டும். சமதளத்தில் ஓரிரு முறை தாங்கிவிடும். மேம்பாலத்து இறக்கத்திலும், ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி போன்ற மலைப்பாதையிலும் அடுத்தடுத்து மிதிக்கும்போது சூடேறிய டிரம்மில் லைனிங்கின் பிடிப்பு குறைந்து, மிதி இருந்தும் வண்டி நிற்காது. சுமை பின் அச்சுக்கும் பின்னால் குவிந்திருந்தால் முன்சக்கரங்களின் மேல் அழுத்தம் குறைந்து, ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி தாமதமாகவே திரும்பும்.

கம்பெனிக்காரர்கள் எப்போதும் குறைத்துத்தான் சொல்வார்கள், உள்ளே ஒரு தாராளம் இருக்கும் என்றும் வாதிடுவார்கள். தாராளம் இருப்பது மெய். ஆனால் அது கூடுதல் மணலுக்காக வைத்ததல்ல. பள்ளத்தில் சக்கரம் இறங்கி எழும்போது அச்சின் மேல் விழும் அடி, நின்றிருக்கும்போது உள்ள சுமையைவிடப் பல மடங்கு அதிகம் என்பதற்காக வைத்தது. அந்த இடைவெளியை மணலால் நிரப்பிவிட்டால் அடுத்த பள்ளத்துக்கு எதுவும் மிஞ்சாது. ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை போட்டால் சரியாகிவிடும் என்று நம்புபவர்களும் உண்டு. பட்டை சேர்த்தால் பின்பக்கம் தாழாமல் நிற்கும், அவ்வளவுதான். அச்சும் பேரிங்கும் டயரும் பிரேக்கும் பழையவையே. சொல்லப்போனால், ‘போதும்’ என்று வண்டி காட்டும் ஒரே அடையாளத்தையும் அந்தப் பட்டை மறைத்துவிடுகிறது.

இவற்றைவிட வலுவான ஆட்சேபம் பணம் பற்றியது. இரண்டு நடைக்கு இரண்டு வாடகை யார் கொடுப்பது? தோட்டம் போடும் நடுத்தரக் குடும்பத்துக்கு இது உண்மையான பாரம். அதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் ஒரே நடையில் முடிக்கும்போது அந்தச் செலவு மறைவதில்லை, வண்டிக்காரரிடம் போய்ச் சேர்கிறது. பெரும்பாலும் அவர் கடனில் வண்டி வாங்கி மாதத் தவணை கட்டும் தனி மனிதர். டயரும் கிளட்ச்சும் சீக்கிரம் தேய்வது அவர் கணக்கில். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆவது பிரிவு, மிகைச்சுமைக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கிறது. சுமையை இறக்கும் செலவு தனி. ஓட்டியவரோடு, அப்படி ஓட்டச் செய்தவரையும் அனுமதித்தவரையும் அந்தப் பிரிவு சேர்த்தே சொல்கிறது. ஆனாலும் சாலையோரம் பிடிபட்டு நிற்பவர் அவர்தான். ‘முடியாது’ என்று அவர் சொன்னால் அடுத்த வண்டிக்கு நாம் போன் போடுவோம் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே மறுக்கும் பொறுப்பை அவர் தலையில் வைப்பது நியாயமில்லை. கேட்பவர்தான் கேட்கும் விதத்தை மாற்ற வேண்டும்.

மாற்றுவது கடினமுமல்ல. ஒரு யூனிட் முழுதும் வேண்டுமென்றால் அது நாலரை டன்னை ஒட்டிய சுமை. அதற்குச் சிறிய டிப்பர்தான் ஏற்றது. குட்டி யானையின் பல நடை வாடகையையும் இறக்குகூலியையும் கூட்டிப் பார்த்தால் பல சமயம் டிப்பரே மலிவாக முடியும். தெரு குறுகலாக இருந்தால் அருகிலுள்ள அகலமான இடத்தில் கொட்டி, அங்கிருந்து சிறு வண்டியில் மாற்றலாம். ஒரு டன் அளவுக்கு என்றால் பொலேரோ பிக்அப், தோஸ்த் வகை வண்டிகள் இருக்கின்றன. குட்டி யானைக்கு உரிய வேலை வேறு: கொஞ்சம் மணல், கொஞ்சம் கல், நாலு மூட்டை மண்புழு உரம், மேலே செடித் தொட்டிகள் என்று எடை வரம்புக்குள் கலந்து வரும் சரக்கு. அதில் கல்லும் மூட்டையும் தரையோடு, கேபினை ஒட்டி, பின் அச்சுக்கு முன்னால் அமர வேண்டும். நிறுத்தி வைத்த கடப்பா பலகைகளைக் கயிற்றால் இறுகக் கட்ட வேண்டும். மணலின் மேல் தார்ப்பாய் போட வேண்டும், இல்லையென்றால் பின்னால் பைக்கில் வருபவரின் கண்ணுக்குத்தான் அது போகும். கடையில் சரக்கு சொல்லும்போது எத்தனை கிலோ என்று கேட்டு, வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடையிலிருந்து வெற்று எடையையும் ஏறும் ஆட்களின் எடையையும் கழித்துப் பார்த்தால் போதும். சந்தேகம் வந்தால் போகிற வழியில் எடை மேடை இருக்கிறது; அங்கே ஒரு சீட்டுக்கு ஆகும் செலவு மிகச் சிறியது.