மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான அரசு உதவித்தொகை (தமிழ்நாடு)

மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான அரசு உதவித்தொகை என்பது உடல், புலன் அல்லது அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளின் பராமரிப்புக்காகத் தமிழ்நாடு அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை மாதந்தோறும் வழங்கும் தொகையாகும். அடையாள அட்டை பெறுவதும் உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பதும் தனித்தனி வேலைகள். அட்டை கிடைத்தால் பணமும் தானே வரும் என்று காத்திருந்து பல மாதங்களை இழக்கும் குடும்பங்கள் உண்டு.

சட்டப் பின்னணி

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 குறைபாடுகளை 21 வகைகளாகப் பிரிக்கிறது. 1995ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் 7 வகைகளே இருந்தன. மூளை முடக்குவாதம், ஆட்டிசம், தசைச்சிதைவு நோய், தலசீமியா ஆகியவை புதிய பட்டியலில் உள்ளன. அரசுச் சலுகைகள் பெரும்பாலானவற்றுக்குக் குறைபாடு 40 விழுக்காடாவது இருக்க வேண்டும்.

அடையாள அட்டை

முதலில் பெற வேண்டியது யூடிஐடி எனப்படும் தனித்துவ அடையாள அட்டை. மத்திய அரசின் சுவாவலம்பன் இணையதளத்தில் இதற்கு விண்ணப்பிக்கலாம். குழந்தையின் ஆதார், நிழற்படம், முகவரிச் சான்று ஆகியவை தேவை. பின்னர் அரசு மருத்துவமனையில் குழந்தையைப் பரிசோதித்து விழுக்காட்டை முடிவு செய்வார்கள். 40க்குக் குறைந்தால் வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80ம் அதற்கு மேலும் நீலம் என அட்டையின் நிறம் அமையும்.

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வட்டத்திலுள்ள காவாந்தண்டலம் போன்ற ஊரில் கூலி வேலைக்குச் செல்லும் பெற்றோருக்கு ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் கூலி இழப்பு. குழந்தையைத் தூக்கிக்கொண்டு பேருந்து மாறிப் போக வேண்டியும் இருக்கும். எனவே பரிசோதனை எந்தக் கிழமையில் நடக்கிறது, குறிப்பிட்ட துறை மருத்துவர் அன்று வருவாரா என்பதை முன்கூட்டியே கேட்டறிவது நல்லது. பழைய மருத்துவச் சீட்டுகள், ஸ்கேன் அறிக்கைகள் அனைத்தையும் எடுத்துச் செல்ல வேண்டும்.

குழந்தைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு இருந்தால் எல்லாவற்றையும் மதிப்பிடச் சொல்லிக் கேட்க வேண்டும். அவற்றை அப்படியே கூட்டுவதில்லை. அதற்கெனச் சூத்திரம் உள்ளது. இயக்கக் குறைபாடு 60, கேள்விக் குறைபாடு 45 என்றால் மொத்தம் 105 ஆகாது, 75 ஆகும். 60க்கும் 75க்கும் உள்ள இந்த வேறுபாடே உதவித்தொகை கிடைக்குமா என்பதைத் தீர்மானிக்கக்கூடும்.

பராமரிப்பு உதவித்தொகை

மாதம் 2,000 ரூபாய் வழங்கப்படுகிறது. தகுதிகளில் முக்கியமானவை:

- அறிவுசார் குறைபாடு: 40 விழுக்காடும் அதற்கு மேலும்
- தசைச்சிதைவு நோய்: 40 விழுக்காடும் அதற்கு மேலும்
- கடுமையாகப் பாதிக்கப்பட்டோர்: 75 விழுக்காடும் அதற்கு மேலும்

மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அடையாள அட்டை, ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களும் நிழற்படமும் தேவை. சிறுவர் என்பதால் பெற்றோர் அல்லது காப்பாளருடன் இணைந்த கணக்கு தொடங்கி, அதில் ஆதாரை இணைக்க வேண்டும்.

வட்டாட்சியர் அலுவலகம் வழியாக வருவாய்த்துறை வழங்கும் ஓய்வூதியம் வேறு. அதில் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 18 வயது நிரம்பிய, 80 விழுக்காடு குறைபாடுள்ளோருக்கானது. குழந்தைக்காக வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலைந்து பயனில்லை.

தடைபடும் காரணங்கள்

- பெயர் அல்லது பிறந்த தேதி ஆவணத்துக்கு ஆவணம் மாறியிருத்தல்.
- 5 வயதிலும் 15 வயதிலும் ஆதாரில் கைரேகை, கருவிழிப் பதிவைப் புதுப்பிக்காமல் விடுதல்.
- தற்காலிகச் சான்றின் காலம் முடிந்துபோதல். குழந்தை வளரும்போது நிலை மாறக்கூடும் என்பதால் சிறு வயதில் பெரும்பாலும் காலவரையறையுள்ள சான்றே தரப்படும்.
- வாழ்நாள் சான்றை உரிய காலத்தில் அளிக்காதிருத்தல்.

மனு அளித்ததற்கான ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். பதில் வராவிட்டால் திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். 1100 என்ற முதல்வரின் உதவி மைய எண்ணிலும் தெரிவிக்கலாம். விழுக்காடு தவறு என்று கருதினால் சட்டத்தின் 59ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யும் உரிமை உண்டு.

பிற உதவிகள்

40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள 6 முதல் 18 வயது வரையான குழந்தைக்கு இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. பள்ளிக்கு வர இயலாதோருக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வீட்டுவழிக் கல்வி வழங்கப்படுகிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளோருக்குத் தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கிறது. பயிற்சி, சிகிச்சை ஆலோசனைக்கு முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் உள்ளது.

18 வயதுக்குப் பின்

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்கு 18 வயது நிரம்பியதும் பெற்றோர் சட்டப்படி தானாகவே காப்பாளராகத் தொடர்வதில்லை. தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999இன் கீழ் ஆட்சியர் தலைமையில் இயங்கும் உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பித்துக் காப்பாளர் சான்று பெற வேண்டும். பிள்ளையின் வங்கிக் கணக்கைத் தொடர்ந்து கையாள இச்சான்று உதவும்.