மெயின்ஃபிரேம் புராஜெக்ட்ல போட்டுட்டாங்களா? கோச்சிங்குக்கு காசு கட்டும் முன் இதைப் படிங்க!

காலேஜ் முடித்து, ஜாவா, பைத்தான் எல்லாம் படித்து ஐ.டி. கம்பெனியில் சேர்ந்தால், முதல் வாரமே "உங்களுக்கு மெயின்ஃபிரேம் புராஜெக்ட்" என்கிறார்கள். வீட்டுக்கு வந்து யூடியூபில் தேடினால் பத்து வருஷத்துக்கு முந்தைய வீடியோக்கள். இன்னொரு பக்கம், "வேலை நிச்சயம், ஃபீஸ் மட்டும் கட்டுங்க" என்று கோச்சிங் சென்டர் விளம்பரங்கள்.

புதுசாக இதில் காலெடுத்து வைப்பவர் எங்கிருந்து தொடங்கணும்? எது இலவசம்? எதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை? பார்க்கலாம்.

மெயின்ஃபிரேம் இன்னும் இருக்கா?

இருக்கிறது. ஐ.பி.எம். நிறுவனம் சிஸ்டம்/360 என்ற மெயின்ஃபிரேமை அறிவித்தது 1964-ல். அதே வம்சத்தில் வந்த இசட்17 என்ற புது மாடல் 2025-ல் வெளியானது. வங்கி, இன்சூரன்ஸ், அரசுத் துறைகளில் ஒரே நேரத்தில் லட்சக்கணக்கான கணக்குகளைப் பார்க்கும் வேலை இதனுடையது. வெளிநாட்டு நிறுவனங்களின் இந்த சிஸ்டங்களைப் பராமரிக்கும் வேலை சென்னையிலும் நடக்கிறது.

இதில் அதிகம் ஓடும் மொழி கோபால். ஆள் பேர் மாதிரி இருக்கும். ஆனால் 1959-ல் அமெரிக்காவில் ஒரு குழு உருவாக்கத் தொடங்கிய புரோகிராமிங் மொழி. பழசுதானே என்று ஒதுக்க முடியாது. 2020 ஏப்ரலில், கொரோனாவால் வேலை இழந்தவர்கள் நிவாரணத்துக்குக் குவிந்தபோது, நியூஜெர்சி மாகாணத்தின் சிஸ்டம் திணறியது. கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வாங்க என்று ஆளுநர் பில் மர்பியே கேட்க வேண்டியதாகிவிட்டது.

கத்துக்கிறது ஏன் கஷ்டம்?

மொழி கஷ்டமில்லை. கிட்டத்தட்ட ஆங்கில வாக்கியம் மாதிரியே இருக்கும். மெஷின் கிடைப்பதுதான் கஷ்டம்.

பைத்தான் என்றால் லேப்டாப்பில் டவுன்லோடு செய்து அஞ்சு நிமிஷத்தில் தொடங்கிவிடலாம். மெயின்ஃபிரேமையோ, அதில் ஓடும் இசட் ஓ.எஸ். ஆபரேட்டிங் சிஸ்டத்தையோ அப்படி இறக்க முடியாது. அதனால் பலர் வீடியோ பார்த்தும் பி.டி.எஃப். படித்தும் மட்டுமே கற்கிறார்கள். கிணற்றில் இறங்காமல் நீச்சல் கத்துக்கிற கதைதான்.

ஆக, ஒரு பாடம் நல்லதா என்று பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டியது இதுதான்: நிஜ மெஷினில் லாகின் தருவாங்களா?

லாகின் எங்கே கிடைக்கும்?

ஐ.பி.எம்.-மே நடத்தும் 'இசட் எக்ஸ்புளோர்' என்ற தளத்தில் கிடைக்கும். கட்டணம் கிடையாது. ஈமெயில் கொடுத்துப் பதிவு செய்தால், நிஜமான இசட் ஓ.எஸ். சிஸ்டத்தில் உங்களுக்கென்று ஒரு யூசர் ஐடி தருவார்கள். விஎஸ் கோட் எடிட்டரும், அதில் சேர்க்கும் 'சோவி எக்ஸ்புளோரர்' என்ற இணைப்பும் போதும். கறுப்புத் திரை, பச்சை எழுத்து என்று பயப்பட வேண்டாம்.

ஃபைல்களை இங்கே டேட்டா செட் என்பார்கள். அதில் தொடங்கி ஜே.சி.எல். வரை படிப்படியாகப் போகும். ஜே.சி.எல். என்பது மெஷினுக்குக் கொடுக்கும் சீட்டு: எந்த புரோகிராம் ஓடணும், எந்த டேட்டாவை எடுக்கணும், ரிசல்ட்டை எங்கே வைக்கணும் என்று எழுதியிருக்கும். நீங்கள் செய்தது சரியா என்று பார்ப்பதற்கும் ஒரு ஜாப் ஓட்டணும். அது 0000 என்ற கோடுடன் முடிந்தால் பாஸ். முடித்த நிலைகளுக்கு பேட்ஜும் உண்டு, ரெஸ்யூமேயில் போடலாம்.

கோபாலுக்குத் தனிப் பாடம் உண்டா?

உண்டு. லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் இயங்கும் 'ஓப்பன் மெயின்ஃபிரேம் புராஜெக்ட்' ஒரு கோபால் கோர்ஸை கிட்ஹப்பில் இலவசமாக வைத்திருக்கிறது. 2020-ல் வெளியானது. பாடப் புத்தகம், பயிற்சிகள், மாதிரி புரோகிராம்கள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும்.

அடிப்படை புரியணும் என்றால் ஐ.பி.எம்.-மின் ரெட்புக் வரிசையில் 'இன்ட்ரொடக்‌ஷன் டு தி நியூ மெயின்ஃபிரேம்: இசட் ஓ.எஸ். பேசிக்ஸ்' என்ற புத்தகம் இலவச பி.டி.எஃப். ஆகக் கிடைக்கிறது. மூன்றாம் பதிப்பு வந்தது 2011-ல். பழசு என்று தள்ள வேண்டாம். டேட்டா செட், ஜே.சி.எல். அடிப்படைகள் அப்படியேதான் இருக்கின்றன. ஆனால் எடிட்டர், டூல்கள் பற்றி மட்டும் புதிய பாடங்களைப் பாருங்கள்.

லேப்டாப்பிலேயே பழக முடியாதா?

பாதி முடியும். 'குனு கோபால்' என்ற இலவச கம்பைலர் விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். லூப், கணக்கு, ஃபைல் படிப்பது எல்லாம் இதில் பழகலாம். ஆனால் ஜே.சி.எல். இதில் கிடையாது. வேலையில் கேட்கும் சி.ஐ.சி.எஸ்., டிபி2 போன்றவையும் இதோடு வராது.

ஒரு விஷயத்தில் கவனம் தேவை. ஐ.பி.எம். கோபாலில் ஒவ்வொரு வரியிலும் இடக்கணக்கு உண்டு. முதல் 6 இடம் வரிசை எண்ணுக்கு. 7-ல் நட்சத்திரக் குறி போட்டால் கமென்ட். கட்டளைகள் 12 முதல் 72-க்குள் இருக்கணும். குனு கோபாலில் இந்தக் கட்டுப்பாடு இல்லாமலும் எழுத முடியும். அப்படியே பழகிவிட்டால், நிஜ மெஷினில் கம்பைல் செய்யும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

எரர் வந்தா எங்கே தேடுவது?

புதியவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வது இங்கேதான். புரோகிராம் பாதியில் நின்றால் அதற்கு 'அபெண்ட்' என்று பேர். கூடவே ஒரு கோடு வரும். அடிக்கடி வருவது எஸ்0சி7: எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்தோ, வெற்றிடமோ இருக்கிறது என்று அர்த்தம். எஸ்806 என்றால், ஓடச் சொன்ன புரோகிராமே கிடைக்கவில்லை.

இந்த கோடுகளின் விளக்கம் எல்லாம் ஐ.பி.எம். டாக்குமென்டேஷன் தளத்தில் இலவசமாக இருக்கிறது. முழுக்க உட்கார்ந்து படிக்கிற புத்தகம் இல்லை அது. டிக்‌ஷனரி மாதிரி, வேண்டியதை மட்டும் தேடிப் பார்க்கணும். கோடையும் அதோடு வரும் மெசேஜையும் குறித்துவைத்துக்கொண்டு சீனியரிடம் போனால் பதில் சீக்கிரம் கிடைக்கும். "சார், ஓடல" என்று மட்டும் சொன்னால் அவராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

எதில் உஷாரா இருக்கணும்?

* கோச்சிங்கில் சேரும் முன் கேளுங்கள்: லாகின் எத்தனை மாதம்? அது லைசென்ஸ் உள்ள சிஸ்டமா? ஜே.சி.எல்., டிபி2 பயிற்சி உண்டா? மழுப்பினால் வெளியே வந்துவிடுங்கள்.
* "இசட் ஓ.எஸ். டவுன்லோடு" என்று சுற்றும் காப்பிகளைத் தொடாதீர்கள். லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்துவது சட்டப்படி தவறு.
* கம்பெனி புரோகிராமையோ கஸ்டமர் டேட்டாவையோ ஏ.ஐ. சாட்டில் ஒட்டிச் சந்தேகம் கேட்காதீர்கள். வேலைக்கே வேட்டு வைக்கலாம். சின்னதாக ஒரு மாதிரியை நீங்களே எழுதிக் கேளுங்கள்.

எந்த வரிசையில் போகலாம்?

முதலில் இசட் எக்ஸ்புளோரில் லாகின். டேட்டா செட்டும் ஜே.சி.எல்.லும் கைக்கு வந்த பிறகு கோபால் கோர்ஸ். சந்தேகத்துக்கு ரெட்புக், எரருக்கு டாக்குமென்டேஷன். இந்த நாலுக்கும் ஒரு ரூபாய்கூட செலவில்லை.

இதையெல்லாம் முடித்த பிறகும் ஆள் வைத்துச் சொல்லித்தரணும் என்று தோன்றினால், காசு கட்டலாம். எது தெரியும், எது தெரியாது என்பது அப்போது உங்களுக்கே தெளிவாகியிருக்கும். யாரும் உங்களை ஏமாற்றுவது கஷ்டம்.