அரிவாளுக்கு அடக்க விலை போடுவது எப்படி?

மதுரையிலிருந்து மானாமதுரை செல்லும் சாலையில் உள்ளது திருப்பாச்சேத்தி. இவ்வூர் அரிவாளின் பெயரை அறியாதார் தென் மாவட்டங்களில் இல்லை எனலாம். மளிகையோடு கத்தி, அரிவாள், அரிவாள்மணை என்று சில்லறைச் சாமான்களும் வைத்திருக்கும் நமது வணிகர்கள் பட்டறைக்காரரிடம் முதலில் கேட்பது, "கிலோ என்ன விலை?" என்பதுதான். பருப்புக்குப் பொருந்தும் கேள்வி, அரிவாளுக்குப் பொருந்தாது.

அரிவாளுக்கு உதவும் இரும்பு பெரும்பாலும் பழைய லாரி ஸ்பிரிங் பட்டை. அதை எடை போட்டு வாங்கலாம். ஆனால் அதைப் பழுக்கக் காய்ச்சி, ஒருவர் குறடால் பிடிக்க மற்றவர் சம்மட்டியால் அடித்து, வளைவு கொண்டுவந்து, வாய்ப்பக்கத்தைத் தண்ணீரில் முக்கி உறுதியேற்றி, சாணை பிடித்துப் பிடி போடும் வேலைக்கு எடைக்கல் கிடையாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஊருக்கு ஊர் தொகை மாறும், முறை மாறாது. மேஸ்திரிக்கு ரூ.1,000, உதவியாளுக்கு ரூ.700 என்று நாள் கூலி வைத்து, இருவரும் ஆறு அரிவாள் முடிப்பதாகக் கொண்டால், ஒன்றுக்குக் கூலி மட்டும் ரூ.283. பட்டை 100, கரி 60, பிடியும் பூணும் 30, சாணையும் மின்சாரமும் 25. மொத்தம் ரூ.498. பத்தில் ஒன்று விரிசல் விட்டுக் கழிந்தால், நல்ல ஒன்பதும் அந்த நஷ்டத்தைச் சுமக்க வேண்டும். அடக்கம் ரூ.553 ஆகிவிடும். பட்டறை வாடகையும் லாபமும் இதில் இன்னும் சேரவில்லை. ரூ.400க்குக் கேட்கும் வணிகர், உதவியாளின் கூலியைத்தான் குறைக்கச் சொல்கிறார்.

இப்போது வேறொரு சிக்கல். வேலை நேரம் போக, ஆசைக்காக வீட்டுக் கொல்லையில் கத்தி, அரிவாள் அடிக்கும் இளைஞர்கள் சிலர் உண்டு. தனி ஆளாக ஞாயிற்றுக்கிழமை இரண்டு முடிப்பார். பட்டை, கரி, பிடி, சாணை சேர்த்து ரூ.215 ஆனது, ரூ.250க்குக் கொடுத்தால் லாபம் என்று நினைப்பார். தன் நாளுக்கும் ரூ.1,000 போட்டால் அடக்கம் ரூ.715! சரக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் அந்த விலையைக் காட்டிப் பட்டறைக்காரரிடம் பேரம் பேசுவது முறையல்ல. அறுவடைக்கு ஐம்பது வேண்டுமென்றால் அந்த இளைஞரால் தர இயலாது. பட்டறைதான் தர வேண்டும். அவரிடமும் கூலியைச் சேர்த்து விலை சொல்லச் சொல்லுங்கள். விலை கூடினாலும் வேலைப்பாட்டுக்காக வாங்கும் வாடிக்கையாளர் வேறு.

கடனும் விலையில் ஒரு பகுதியே. பழைய இரும்புக் கடையில் பட்டறைக்காரர் ரொக்கம் கொடுத்துப் பட்டை எடுக்கிறார்; நாம் இரண்டு மாதம் நிலுவை வைத்தால் அந்த வட்டியும் அடுத்த சரக்கில் ஏறிவிடும்.

வரியிலும் கவனம் தேவை. 2017ல் ஜி.எஸ்.டி. வந்தபோதே அரிவாள், கோடரி, மண்வெட்டி போன்ற கையால் இயக்கும் விவசாயக் கருவிகளுக்கு விலக்கு தரப்பட்டது. சமையல் கத்தி அப்படியல்ல; 2022 ஜூலை 18 முதல் அதன் வரி 12 சதவீதத்திலிருந்து 18 ஆக உயர்ந்தது. ஒரே பட்டறைச் சரக்கு என்பதற்காக இரண்டையும் பில்லில் சேர்த்து எழுதிவிடக் கூடாது.

2021 செப்டம்பரில் காவல் துறை, அரிவாள் வாங்குவோரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், வாங்கும் காரணம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுமாறு பட்டறைகளையும் கடைகளையும் கேட்டுக்கொண்டது. கல்லாப் பக்கத்தில் இதற்கென ஒரு நோட்டு இருக்கட்டும். பிடி கழன்று திரும்பி வரும் அரிவாளை யார் செலவில் சரிசெய்வது என்பதையும் கொள்முதலின்போதே பேசி அதில் எழுதிக்கொள்ளலாம்.