நாய்க்கு எட்டாத இளங்கொடி

காய்ச்சல் இல்லை, அடிபடவும் இல்லை. நன்றாக மேய்ந்துகொண்டிருந்த மாட்டுக்கு ஐந்தாறு மாதச் சினை திடீரென்று கலைந்துபோகிறது. வாசலில் படுத்திருக்கும் நாய்கூட இதற்குக் காரணமாக இருக்கலாம் என்றால் நம்புவீர்களா நேயர்களே?

நியோஸ்போரா என்று ஓர் ஒட்டுண்ணி. கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிரி. நாயின் குடலில் பெருகி, மலத்தோடு வெளியே வரும். அந்த மலம் வைக்கோலிலோ தண்ணீர்த் தொட்டியிலோ கலந்துவிட்டால், நேராக மாட்டின் வயிற்றுக்குள்தான். இதில் நாய்க்குப் பங்கு உண்டு என்று ஆராய்ச்சியாளர்கள் உறுதி செய்ததே 1998-இல்தான்!

சில மாடுகளுக்குச் சினை கலையாது. கன்று துள்ளிக் குதித்துக்கொண்டு பிறக்கும். ஆனால் ஒட்டுண்ணி அதன் உடம்புக்குள்ளேயே இருக்கலாம். அந்தக் கன்று வளர்ந்து சினையானால், அடுத்த கன்றுக்கும் போகலாம்.

சரி, நாய்க்கு எப்படி வருகிறது? கலைந்த கருவையோ, மாடு போட்ட இளங்கொடியையோ தின்பதால் வரலாம். நம் ஊர்ப்பக்கம் இளங்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவார்கள் இல்லையா? பால் பெருகும் என்று நம்பிக்கை. பால் பெருகுமோ என்னவோ, நாய்க்கு எட்டாது! மரம் இல்லாதவர்கள் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.

சினை கலைய வேறு நோய்களும் காரணமாகலாம். அதனால் கலைந்த கருவை வெறுங்கையால் தொடாமல், உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.