சிறு குழந்தைகளோடு ஏரிக்கும் கடலுக்கும் காட்டுக்கும்: எங்கிருந்து தொடங்குவது?

விடுமுறை வந்தால் நம் குடும்பங்கள் போகும் இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். உறவினர் வீடு, கல்யாண மண்டபம், ஏசி போட்ட மால், சாப்பாட்டுக் கடை. வருடத்துக்கு ஒருமுறை ஊட்டி, கொடைக்கானல் என்று கிளம்பினாலும் பாதி நேரம் வேனிலும் மீதி நேரம் லாட்ஜிலும் போய்விடுகிறது. அந்த இரண்டு நாட்களில் குழந்தை தன் காலால் மண்ணில் நடந்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் ஒரு மணி நேரம் தேறுவது கடினம்.

"பிள்ளை கொஞ்சம் வளரட்டும், பிறகு கூட்டிப் போகலாம்" என்று தள்ளிப்போடுகிறோம். வளர்ந்ததும் பள்ளி, டியூஷன், மதரஸா என்று பொழுது நிரம்பிவிடுகிறது. பெண் பிள்ளையாக இருந்தால் "இனிமேல் எதுக்கு?" என்ற கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. உண்மையில் இரண்டு வயது முதல் ஆறு வயது வரையிலான காலமே இதைத் தொடங்க ஏற்றது. அதற்குப் பெரிய செலவும் வேண்டாம், தனிக் கருவிகளும் வேண்டாம்.

ஏன் இது அவசியம்?

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சில அளவுகளைச் சொன்னது. ஒன்று முதல் நான்கு வயது வரை, ஒரு நாளில் குறைந்தது 180 நிமிடம் உடல் அசைவு இருக்க வேண்டும். இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தை உட்கார்ந்து திரை பார்க்கும் நேரம் ஒரு மணியைத் தாண்டக் கூடாது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம். அடுக்குமாடி வீட்டுக்குள் மூன்று மணி நேரம் ஓடியாட இடம் ஏது?

கண்ணுக்கும் இதில் பங்கு உண்டு. சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளை மூன்று ஆண்டுகள் கவனித்த ஓர் ஆய்வு 2015-இல் வெளியானது. பள்ளி நாட்களில் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விடப்பட்ட பிள்ளைகளில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. வழக்கம்போல் இருந்த பிள்ளைகளில் அது 39.5 சதவீதம். கண்ணாடி போட்ட பிள்ளைகள் நம் வீடுகளில் பெருகிவரும்போது இது யோசிக்க வேண்டிய செய்தி.

முதல் மாதம் வீட்டைச் சுற்றியே

முதல் பயணத்துக்கு மலை தேவையில்லை. ஊர்க் கண்மாய்க் கரை, ஆற்றங்கரை, தென்னந்தோப்பு, கடற்கரை, சென்னையில் இருப்போருக்குக் கிண்டி சிறுவர் பூங்கா, இவையே போதும். மூன்று வயதுக் குழந்தைக்குத் தூரம் ஒரு பொருட்டே இல்லை. எறும்புப் புற்றைப் பார்த்தால் அங்கேயே கால் மணி நேரம் உட்கார்ந்துவிடும். அதை இழுத்துக்கொண்டு போகாமல் நாமும் கூட உட்கார்ந்தால் போதும்.

தூரத்தைக் கணக்கிடாமல் நேரத்தைக் கணக்கிடுங்கள். போக அரை மணி, வர அரை மணி. குழந்தை களைத்த பிறகு திரும்பினால் முழு வழியும் தூக்கிச் சுமக்க நேரும். அது சுறுசுறுப்பாக இருக்கும்போதே திரும்பிவிட்டால் அடுத்த வாரம் "எப்பப் போவோம்?" என்று அதுவே கேட்கும்.

ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதிலும் பயன் உண்டு. மழைக்கு முன் வற்றிக் கிடந்த கண்மாய் மார்கழியில் நிறைந்து நிற்பதையும், போன வாரம் இல்லாத மீன்கொத்தி இந்த வாரம் வந்திருப்பதையும் குழந்தை தானே கண்டுபிடிக்கும்.

அடுத்தது அரை நாள் பயணம்

நான்கைந்து முறை இப்படிப் போய்வந்த பிறகு அரை நாள் பயணத்தை யோசிக்கலாம். அதற்கான இடங்கள் நம் ஊர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பகுதியினருக்கு முத்துப்பேட்டை அலையாத்திக்காடும் உதயமார்த்தாண்டபுரம் பறவைகள் சரணாலயமும் உண்டு. ராமநாதபுரம், கீழக்கரைக் குடும்பங்களுக்குச் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் சரணாலயங்கள். நாகை மாவட்டத்தினருக்குக் கோடியக்கரையில் வெளிமான்களைக் காட்டலாம். நெல்லைப் பக்கம் கூந்தங்குளத்தில் ஊர் மக்களே பறவைகளைத் தங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் போல் காத்து வருகிறார்கள். சென்னைக்காரர்களுக்கு வேடந்தாங்கல், கடலூர் மாவட்டத்தில் பிச்சாவரம்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் இதற்கு நல்ல காலம். மழை பொய்த்த ஆண்டில் ஏரியில் தண்ணீரும் இருக்காது, பறவையும் இருக்காது. அதனால் கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். காலையில் சுபுஹு தொழுததும் புறப்பட்டால் வெயில் ஏறுவதற்குள் பார்த்து முடித்துவிடலாம்.

உம்மாவும் ரசிக்க வேண்டும்

நம் வீடுகளில் சுற்றுலா என்றால் பெண்களுக்கு இரட்டை வேலை. விடியும் முன்பே எழுந்து பிரியாணி தம் போட்டு, எல்லோருக்கும் துணி எடுத்து வைத்து, போன இடத்தில் பைகளுக்குக் காவல் உட்கார்ந்து, திரும்பி வந்து பாத்திரம் கழுவுவது. இப்படி இரண்டு முறை போனால் மூன்றாம் முறை யாருக்கும் மனம் வராது. குடும்பப் பயணங்கள் நின்றுபோக இது ஒரு முக்கியக் காரணம்.

சாப்பாட்டை எளிமையாக்குங்கள். இட்லி, அவித்த முட்டை, வாழைப்பழம், பேரீச்சம்பழம், தேவைக்கு மேல் கொஞ்சம் தண்ணீர். பை தூக்குவதும் குழந்தைக்கு உடை மாற்றுவதும் வாப்பாவின் வேலையாக இருக்கட்டும். வாப்பா வளைகுடாவில் இருக்கும் வீடுகளில் மாமாவோ சாச்சாவோ உடன் வரலாம். இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து போனால் பார்த்துக்கொள்ளும் கண்களும் கூடும், செலவும் குறையும்.

போகும் இடத்தில் மூன்று விஷயங்களை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்: கழிப்பறை இருக்கிறதா, நிழல் இருக்கிறதா, பெண்கள் தொழ இடம் கிடைக்குமா? எல்லாப் பள்ளிவாசல்களிலும் பெண்களுக்கு இடம் இருப்பதில்லை. ஒரு முஸல்லாவும் ஒளூவுக்குத் தனியாக ஒரு பாட்டில் தண்ணீரும் வண்டியில் இருந்தால் மர நிழலில் தொழுதுகொள்ளலாம்.

பெண் பிள்ளைகளுக்குத் தளர்வான பருத்திச் சல்வாரும் பின்பக்கம் பட்டை உள்ள செருப்பும் போதும். மரம் ஏறவும் ஓடவும் தடையில்லாத உடைதான் முக்கியம். தம்பிக்குக் கிடைக்கும் ஏரியும் கடலும் அக்காவுக்கும் கிடைக்க வேண்டும்.

கவனம் தேவைப்படும் இடங்கள்

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து தண்ணீர்தான். கடல், ஆறு, குளம் எதுவானாலும் சிறு குழந்தை நம் கை எட்டும் தூரத்துக்குள் இருக்க வேண்டும். யார் கண்காணிப்பது என்று ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். அவர் கையில் போன் இருக்கக் கூடாது. "எல்லோரும் பார்த்துக்கொள்கிறோம்" என்றால் யாரும் பார்க்கவில்லை என்றே பொருள். நீரில் மூழ்கும் குழந்தை பெரும்பாலும் சத்தம் போடாது. காற்றடைத்த டியூப் உயிர்காக்கும் கருவி ஆகாது. படகில் ஏறினால் குழந்தையின் அளவுக்கு ஏற்ற உயிர்காப்பு உடை கேட்டு வாங்குங்கள்.

தேன்கூடு இருக்கும் இடத்தில் புகை போடாதீர்கள், கல் எறிய விடாதீர்கள். அன்றைக்கு அத்தர், சென்ட் வேண்டாம். வாசனை தேனீக்களை ஈர்க்கலாம்.

பாம்பு கடித்தால் கயிறு கட்டுவதும் கீறி விடுவதும் தவறு. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து, அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோக வேண்டும்.

காலை பதினொன்று முதல் மாலை மூன்று வரை வெயிலில் நடக்க வேண்டாம். குழந்தை தாகம் என்று சொல்லக் காத்திராமல் அடிக்கடி தண்ணீர் கொடுங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை. பையில் ஓஆர்எஸ் பாக்கெட் இரண்டு இருக்கட்டும். இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்கோ காருக்கோ போய்விடுங்கள்.

காட்டுக்குள் வனத்துறை அனுமதித்த பாதையில் மட்டும் செல்ல வேண்டும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கிப் பலர் உயிரிழந்ததை மறக்க முடியாது. 2024-இல் தமிழக அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் 40 பாதைகள் எளிது, மிதமானது, கடினம் என்று பிரிக்கப்பட்டு வழிகாட்டிகளும் நியமிக்கப்பட்டுள்ளனர். பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்து நடக்கப் பழகியதும் எளிய பாதை ஒன்றை, வயது விதிகளைப் பார்த்துக்கொண்டு, தேர்ந்தெடுக்கலாம்.

திரும்பும்போது

கொண்டுபோன பிளாஸ்டிக் பை, பாட்டில் அனைத்தையும் திரும்ப எடுத்து வாருங்கள். குப்பையைப் பொறுக்கும் வேலையைக் குழந்தைக்கே கொடுங்கள். கூட்டின் அருகே சத்தம் போடக் கூடாது, முட்டையைத் தொடக் கூடாது என்பதை அங்கேயே வைத்துச் சொன்னால் மனதில் நிற்கும்.

வருகிற ஞாயிறு அஸருக்குப் பிறகு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். போனை வண்டியில் வைத்துவிட்டு, ஒரு பாட்டில் தண்ணீரோடு பக்கத்துக் கண்மாய்க்கோ கடற்கரைக்கோ போய், மஃரிபுக்கு வீடு திரும்புங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த ஞாயிறு கிளம்பச் சொல்லி உங்கள் பிள்ளையே நினைவூட்டும்.